பவுனுக்குப் படிக்கத் தெரியாது

கோர்படி, புனே
14-6-1999

அன்புள்ள தம்பி கோவிந்தராஜனுக்கு அக்கா கனகவல்லி ஆசி கூறி எழுதுவது. நான் சௌக்கியம். உன் காதும் உன் பெண்டாட்டியின் முட்டியும் எப்படி இருக்கின்றன என்று எழுது. உனக்குக் காது கேட்டால் போனில் பேசி முடித்திருப்பேன். இப்போது இன்லண்டு வாங்கி எழுத வேண்டியிருக்கிறது.

இடுப்பெலும்பில் கம்பி வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஹரீஷ் சிகாகோவுக்குத் திரும்பிப் போகும் முன், காம்ப் பக்கத்தில் ஆயாக்களை அனுப்பும் ஒரு பீரோவில் சொல்லி எனக்கு ஓர் ஆயாவை வைத்துவிட்டுப் போனான். காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஏழுக்குப் போவாள். இரவுக்கு எதிர்வீட்டு குல்கர்ணி அம்மாள் வந்து படுத்துக்கொள்கிறாள். ஆயாவின் பெயர் பவுன். வயது நாற்பத்தைந்து இருக்கும். "உங்க தமிழ் ஆளு" என்று பீரோக்காரன் பெருமையாகச் சொன்னான். தமிழாம்! தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்தின் பின்னால் கூலிக்கு வந்த கூட்டம். "அம்மா, பாணி கரம் பண்ணிட்டேன், ஜல்தி வாங்கோ, தண்டா ஆயிடும்" என்கிறாள். வெந்நீர் ஆறிவிடுமாம். இருபது வருஷம் தமிழ்ச் சங்கத்து மாதர் பிரிவுக்குச் செயலாளராக இருந்தவள் காதில் தினமும் காலையில் விழுவது இது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் ரீனா தளேகாவில் ஒரு முதியோர் இல்லத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஹரீஷ் ஜனவரியில் வருவானாம். நான் தேறாவிட்டால் இந்த வீட்டை விற்றுவிட்டு என்னை அங்கே சேர்ப்பானாம். ஏதோ பழைய சைக்கிளை ஷெட்டில் போடுகிற மாதிரி சொல்கிறான். நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொன்னால், "அம்மா, நீ எப்பவும் அப்படித்தான் சொல்வே" என்கிறான். மாமா சொன்னால் மட்டும் நம்புவானாம். எனக்கு ஆங்கிலம் மருந்துச் சீட்டுக்கு மேல் வராது. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டக்கூட வராது. ஆகவே நான் எழுதுவதை நீ ஆங்கிலத்தில் அவனுக்கு எழுது. இந்த வீட்டைவிட்டு நான் போவதாக இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

உன் அக்கா,
கனகவல்லி


வேலூர்
24-6-1999

அன்புள்ள அக்காவுக்கு கோவிந்தராஜன் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். காது அப்படியேதான். அதனால் நிம்மதியாக இருக்கிறேன்.

ஹரீஷுக்கு எழுதிவிட்டேன். தமிழ்ச் சங்கச் செயலாளரின் மகனுக்கு நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன் என்பதை நினைத்து என் மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும். உன் இன்லண்டின் ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் கண்ணில் அது படாமல் போகுமா? நீ ஒட்டினாயா, அந்தப் பவுனா? அவள் என்றால், ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்க்கமாட்டாளா? நீ எழுதியிருப்பதைப் படித்தால் மனுஷி மறுநாள் வேலைக்கு வருவாளா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
கோவிந்தராஜன்


கோர்படி
12-7-1999

அன்புள்ள கோவிந்துவுக்கு ஆசிகள். சௌக்கியம். மழை விடாமல் கொட்டுகிறது. ரயில்வே கேட்டைத் தாண்டி எதுவும் வருவதில்லை.

உன் சந்தேகத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பவுன் படிப்பதாவது! பஸ் நம்பரையே யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள் என்று நினைக்கிறேன். கடிதத்தை எழுதி மேசைமேல் விரித்தபடி வைத்துவிடுவேன். அவள் சமையல் முடிந்ததும் நாலு பருக்கை எடுத்து ஒட்டிக் கொண்டுபோய்ப் போடுவாள். தபால்பெட்டிக்குக்கூடத்தான் நான் எழுதுவது தெரியும். அது படிக்கிறதா என்ன?

அவளை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டேன், என்னைத் தூக்கும்போது நடுவில் ஒரு துண்டு இருக்க வேண்டும், வெறுங்கையால் என் உடம்பைத் தொடக்கூடாது என்று. எந்தெந்த வீட்டுக் கிழங்களைத் துடைத்த கையோ! "ஆஸ்பத்திரில அப்படி பண்ண மாட்டோம் அம்மா" என்றாள். இது ஆஸ்பத்திரி இல்லை, கல்யாணசுந்தர முதலியார் வீடு என்று உன் அத்தான் பெயரைச் சொன்னேன். இப்போது துண்டைப் போட்டுத்தான் பிடிக்கிறாள். அதிலும் "ஏக், தோ, தீன்" என்று எண்ணிக்கொண்டு தூக்குகிறாள், மூட்டை ஏற்றுகிறவனைப் போல.

ஹரீஷுக்கு எழுது: அம்மா தினமும் பால்கனி வரை தானே நடந்து போய் உட்காருகிறாள், குளியல் எல்லாம் தானே, ஆயா வெறும் ஒத்தாசைக்கு.

இப்படிக்கு,
கனகவல்லி


வேலூர்
3-8-1999

அக்காவுக்கு வணக்கம். நலம்தானே?

பால்கனி, குளியல் எல்லாம் அப்படியே எழுதியாகிவிட்டது. உன் எழுத்து போன தடவையைவிடச் சரிந்து, கடைசி வரி காகிதத்துக்கு வெளியே ஓடுகிறது. உட்கார்ந்து எழுதினாயா, படுத்துக்கொண்டா? நிஜமாகவே நடக்கிறாயா? எனக்கு மட்டுமாவது உள்ளதை எழுது.

கோவிந்தராஜன்


கோர்படி
20-9-1999

கோவிந்துவுக்கு ஆசிகள். பதில் போடத் தாமதமாகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. பயப்படாதே, சௌக்கியமாகத்தான் இருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அந்தத் தடிச்சி என்னைக் குளியலறையில் கீழே போட்டுவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. முகத்தில் ஒரு பக்கம் கன்றிப்போயிருக்கிறது, இடது கையைத் தூக்க முடியவில்லை. எதிர்வீட்டு குல்கர்ணி ஓடி வந்து பார்த்துவிட்டாள். அவள் மகன் ஹரீஷோடு படித்தவன். ஆகவே செய்தி சிகாகோவுக்கு எப்படியும் போய்ச் சேரும். அதற்கு முன் நீ எழுதிவிடு: அம்மாவின் காலில் குறையில்லை, ஆயாவின் அஜாக்கிரதையால்தான் விழுந்தாள், வேறு ஆயா போட்டால் சரியாகிவிடும் என்று. நானாக விழுந்தேன் என்று அவன் நினைத்தால் ஜனவரி வரைகூடப் பொறுக்கமாட்டான்.

பீரோவுக்கும் போன் செய்து சொல்லப்போகிறேன். ஒரு வாரம் ஆகட்டும், இவள் சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேலை போனால் என்ன, இவர்களுக்கெல்லாம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்க இடம் கிடைக்காமலா போகும்?

கனகவல்லி


கோர்படி
22-9-1999

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பவுன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என்னைத் தங்களுக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து கனகவல்லியம்மா என்னைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இந்தக் கவரில் அம்மா எழுதிய இன்லண்டும் இருக்கிறது. இன்லண்டுக்குள் வேறு காகிதம் வைக்கக்கூடாது என்பதால் கவர் வாங்கினேன். அம்மா எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை, மறைக்கவில்லை.

நாலாவது வரை காம்பில் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிறகு அப்பாவுக்குக் கண் போய்விட்டதால் தினமும் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். பள்ளிக்கு வருஷா வருஷம் தமிழ்ச் சங்கத்து அம்மாக்கள் வந்து நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். ஒரு வருஷம் நான் கனகவல்லியம்மா கையால் வாங்கினேன். எங்களுக்கு நோட்டு கொடுத்தவர்கள், நாங்கள் அதில் எழுதுவோம் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.

அம்மா எழுதிய முதல் கடிதத்தை ஒட்டும்போது என் பெயர் கண்ணில் பட்டது. அதனால் படித்தேன். படித்தது தப்புத்தான். பிறகு எல்லாவற்றையும் படித்தேன். தடிச்சி, கூலிக் கூட்டம் எல்லாம் பரவாயில்லை. பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அது பழகிப்போனது. வலியில் இருக்கிறவர்கள் பேசுவதை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஆனால் நான் போட்டுவிட்டேன் என்பது பொய். என் கையிலிருந்து இதுவரை யாரும் விழுந்ததில்லை.

நடந்தது இதுதான். துண்டு நனைந்திருந்தது. கையால் பிடிக்கிறேன் என்றேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்கள், விழுந்தார்கள். துண்டு வழுக்கும். கை வழுக்காது. அன்றோடு விழுந்தது நான்காவது முறை. பால்கனிக்கு அம்மா நடந்து போவதில்லை, நாற்காலியில் வைத்து நான் தள்ளிக்கொண்டு போகிறேன். படுக்கையில் நடப்பதை எழுத வேண்டாம், அம்மாவுக்கு மானம் பெரிது.

நாளையிலிருந்து நான் போகமாட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் பீரோவில் சொல்லி, காலையிலேயே வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன். அம்மா தனியாக இருக்கமாட்டார்கள். துண்டைப் பற்றிப் புது ஆளிடம் யாராவது சொல்லுங்கள்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பவுன்


வேலூர்
4-10-1999

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. நீ நலமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் இன்லண்டு ஒரு கவருக்குள் வந்தது, கூடவே பவுனின் கடிதமும். ஆமாம், எழுதியது அந்த அம்மாவேதான். ஜூனிலிருந்து நீ மேசைமேல் விரித்து வைத்த அத்தனையையும் படித்திருக்கிறாள். நோட்டுப் புத்தகம் கொடுக்கக் காரில் போய் இறங்கினாயே, அந்தப் பள்ளியில் படித்தவள். குழந்தைகளுக்கு நோட்டைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, அவர்கள் வளர்வார்கள் என்பதை மறந்துவிட்டாய். அவள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. உன் கடைசிக் கடிதத்தில் மூன்று.

நாலு தடவை விழுந்திருக்கிறாய். எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் வெட்கங்கெட்ட தபால்காரனைப் போல உன் பொய்யை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆயா உன்னைக் கீழே போட்டாள் என்று ஹரீஷுக்கு நான் எழுதப்போவதில்லை.

கோவிந்தராஜன்


கோர்படி
19-10-1999

கோவிந்துவுக்கு,

சௌக்கியம். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சௌக்கியம்.

அடுத்தவள் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தவளை நீ தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாய். பிழை பார்த்தானாம், பிழை! படிக்கத் தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு மாதம் என் முகத்துக்கு நேரே நின்று மருந்து கொடுத்தாள். "அம்மா, லெட்டர் முடிஞ்சுதா? ஒட்டட்டுமா?" என்று கேட்டாள். அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவள் மேல் எரிகிறதா, என் மேலா என்று தெரியவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, அவள் நின்ற மறுநாளே, நான் பீரோவுக்குப் போன் செய்து அவள்தான் போட்டாள் என்று சொல்லிவிட்டேன். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மூன்று பேர் வந்தார்கள். நிக்டியிலிருந்து வந்தவள் பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் என்னைக் குளிப்பாட்டுவாள். இரண்டாமவள் என்னை "ஆஜி, ஆஜி" என்று பாட்டி முறை வைத்துக் கொஞ்சிவிட்டு ஈரத் துணியோடு மத்தியானம் வரை போட்டிருந்தாள். மூன்றாமவளால் என்னைத் தூக்கவே முடியவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து, குல்கர்ணி வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகில் புண் வந்திருக்கிறது. இப்படியே ஜனவரி வந்தால் ஹரீஷ் வாசலிலிருந்தே என்னை தளேகாவுக்கு ஏற்றிவிடுவான்.

எனக்கு அவள்தான் வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா? நீ அவளுக்கு ஒரு கடிதம் போடு. அக்கா ஏதோ வலியில் சொல்லிவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று உன் பாணியில் எழுது.

கனகவல்லி


(அஞ்சலட்டை)
வேலூர், 27-10-1999

அக்காவுக்கு வணக்கம். முதுகுப் புண்ணை டாக்டரிடம் உடனே காட்டு. நான் எழுதமாட்டேன். பவுனின் விலாசம் கவரின் பின்னால் இருந்தது, கீழே எழுதியிருக்கிறேன். உன் வீட்டிலிருந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான். நீயே எழுது. அவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே.
கோவிந்தராஜன்


கோர்படி
6-11-1999

பவுனுக்கு,

நான் நலம் என்று ஆரம்பித்தேன். உன்னிடம் அப்படி எழுதி என்ன பிரயோஜனம், அடித்துவிட்டேன்.

நீ திரும்பி வர வேண்டும். மற்றவர்களுக்கு வேலை தெரியவில்லை, என் முதுகில் புண் வந்துவிட்டது. உனக்குத் தெரிகிறது. நான் எழுதியதை எல்லாம் நீ படித்திருக்கிறாய் என்று தம்பி எழுதினான். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது மரியாதை இல்லை. நானும் மரியாதையாக எழுதவில்லை. பீரோவில் உன்னைப் பற்றிச் சொன்னது உண்மை இல்லை. எனக்கு வீடு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் உன் பிழைப்பைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இனி பொய் எழுதிப் பயனில்லை.

மன்னிப்பு என்று எழுத வரவில்லை. இதையே அப்படி வைத்துக்கொள்.

கனகவல்லி


கோர்படி
11-11-1999

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு பவுன் வணக்கம். முதுகுப் புண்ணில் பவுடர் போட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று இப்போது இருக்கிறவளிடம் சொல்லுங்கள்.

மன்னிப்பு என்று எழுத வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஐந்தே எழுத்து அம்மா. மேடையில் எவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் பேசினீர்கள்.

கோந்த்வாவில் ஒரு வீட்டில் எனக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. உங்கள் போனால் அது போய்விட்டது. ஒன்றரை மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பாசத்தால் வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் பீரோவுக்குப் போன் செய்து, நானாகத்தான் விழுந்தேன் என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் மகனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை முறை விழுந்தீர்கள், எது முடிகிறது, எது முடியவில்லை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்யும்போது நான் படிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதைக் கேட்டு அவர் வீட்டை விற்றாலும் விற்கட்டும். பொய்யான ஆளை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது. என்ன மருந்து கொடுப்பது என்றே தெரியாது.

இனிமேல் துண்டு கிடையாது. கையால்தான் பிடிப்பேன். திட்ட வேண்டும் என்றால் வாயால் திட்டுங்கள், ஒட்டுகிற வேலை மிச்சம்.

பவுன்


கோர்படி
30-11-1999

அன்புள்ள கோவிந்துவுக்கு அக்காவின் ஆசிகள். நான் சௌக்கியமில்லை. புண் ஆறிவருகிறது. நடக்க முடியவில்லை, இனி முடியும் என்றும் தோன்றவில்லை. நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருங்கள்.

பீரோவுக்குப் போன் செய்தேன். ஹரீஷுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான கட்டுரையை நான் எழுதியதில்லை. நேற்று முன்தினம் அவன் போன் வந்தது. பவுன் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டு, நின்றபடியே படித்தாள். எங்கேயும் தடுமாறவில்லை. படுக்கை நனைவதைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அதைத் தாண்டிப் போகட்டுமா என்று கேட்கிற பார்வை. எனக்கு இரக்கம் காட்டுகிறாள்! "படி" என்றேன். படித்தாள்.

ஹரீஷ் முழுதும் கேட்டான். பிறகு, "பவுன் ஆன்ட்டி, அம்மா சொல்றது நிஜமா?" என்றான். என்னைக் கேட்கவில்லை, கோவிந்து. பத்து மாதம் சுமந்து பெற்றவள் ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் பேச்சுக்கு ஆயாவிடம் சாட்சி கேட்கிறான். எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்கத்தான் முடியாதே.

"இந்த வாட்டி நிஜம்தான் சார். இதுக்கு முந்தி சொன்னதெல்லாம் ஜூட்" என்றாள். பொய்க்கு அவள் பாஷையில் அதுதான் பெயர்.

"அப்போ வீட்டுல வெச்சுப் பாத்துக்க முடியுமா? இல்லே, தளேகாவ் பெட்டரா?"

அவள் என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள், காய்கறிக்காரியிடம் நான் கத்தரிக்காயைப் பார்ப்பேனே, அந்த மாதிரி. எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்! ஒருத்தி என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முடியும் சார், கையைத் தட்டி விடாம இருந்தா முடியும்" என்றாள்.

ஜனவரியில் அவன் வந்து என்னைப் பார்த்துவிட்டு மட்டும் போவான். வீட்டை விற்கவில்லை. வாராவாரம் போன் செய்வான், என்னிடம் அல்ல, அவளிடம். அவள் முடியாது என்று சொல்கிற அன்றைக்கு தளேகாவ். இதுதான் ஏற்பாடு. அவள் பேச்சு இன்னும் சகிக்கவில்லை, என் சமையலறையை ஏதோ ரயில்வே கேன்டீன் மாதிரி ஆக்கிவைத்திருக்கிறாள், நேற்று அதை முகத்துக்கு நேரே சொன்னேன். "போலோ போலோ, இன்னும் சொல்லுங்கோ" என்று சிரித்துக்கொண்டே என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். கை சொரசொரவென்று இருந்தது. விழவில்லை.

ஆகவே நான் என் வீட்டில்தான் இருக்கிறேன். தினமும் விடிந்ததிலிருந்து ஏழு மணி வரை, வருவாளா வரமாட்டாளா என்று கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். இப்படி நான் யாருக்காகவும் காத்துக் கிடந்ததில்லை, உன் அத்தானுக்காகக்கூட.

உன் அக்கா,
கனகவல்லி